காளான் முந்திக்கொண்ட குவியல்

ராஜபாளையத்தில் இறங்கிய காலையில் என் முழங்கால்கள் இரண்டும் வேறு யாருடையவோ போலிருந்தன. ஏரிகளும் பைன் மரங்களும் சூழ்ந்த ஒரு பின்லாந்து ஊரிலிருந்து கிளம்பி அது மூன்றாம் நாள். பெட்டியில் துணிமணி குறைவு. காலிச் சாக்குகள், ஈரம் புகாத பைகள், ஒரு சின்னத் தராசு ஆகியவைதாம் இடத்தை அடைத்திருந்தன. எதற்காக இவ்வளவு தூரம் என்று ரயிலில் எதிரே அமர்ந்திருந்த அம்மாள் கேட்டார். தேங்காய் நார்த்தூள் வாங்க என்றேன்.

"ஏம்மா, அங்ஙன தேங்காயே காய்க்காதா?" என்றார், உண்மையான இரக்கத்துடன்.

காய்க்காது என்று சொல்லி முடித்துக்கொண்டேன். நீளமான பதிலைச் சொல்லும் தெம்பு அப்போது இல்லை. இப்போது சொல்லலாம். மரம் மரமாக நிமிர்ந்து நிற்பதற்கு லிக்னின் என்ற பொருள் காரணம். இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும் பசை என்று அதைச் சொல்லலாம். காகித ஆலைகள் அதைக் கரைத்து வெளியேற்றி, பெரும்பாலும் எரித்துவிடுகின்றன. நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் அதை எரிக்காமல் பயன்படுத்தப் பார்க்கிறோம். ஒட்டுப்பலகைக்கு வேண்டிய பிசினைப் பெட்ரோலியத்துக்குப் பதிலாக அதிலிருந்து எடுக்கலாம். காற்றுப் படாமல் சூடேற்றினால், மின்கலத்துக்குள் வைக்கத்தக்க ஒருவகைக் கடினக் கரி கிடைக்கிறது. பைன் மரத்தில் அந்தப் பொருள் உண்டு. தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்தபின் உதிரும் பழுப்புத் தூளில் தாராளமாகவே உண்டு.

அந்தத் தூளை மூன்று முறை தபாலில் வரவழைத்தோம். ஒன்று ஏதோ ரசாயனத்தில் அலசப்பட்டு வந்தது, ஒன்று சுண்ணாம்புச் சத்துக் கலந்து வந்தது, ஒன்று வழியிலேயே பூசணம் பிடித்தது. என்னைவிட இருபது வயது இளையவரான எங்கள் குழுத் தலைவர், "இந்த முறையும் தேறாவிட்டால் நாம் மரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்" என்று மென்மையாகச் சொன்னார். அவர் மென்மையாகச் சொல்வதெல்லாம் முடிவான பேச்சு. வரும் வசந்தத்தில் எனக்குப் பணி ஓய்வு. நேரில் போய் வருகிறேன் என்றேன்.

விடுதியில் குளித்து, இட்லியையும் காரச் சட்னியையும் சாப்பிட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்தில் ஏறினேன். சட்னியின் காரம் கண்ணில் நீரை வரவழைத்ததே தவிர உறக்கத்தைப் போக்கவில்லை. ஜன்னலோரம் காற்றுப் பட்டதும் கண் செருகியது. விழித்தபோது பேருந்தைச் சுற்றிலும் கல்லூரிப் பேருந்துகள் நின்றன. எல்லாவற்றிலிருந்தும் ஒரே வயதுப் பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கணம், நாற்பது வருடம் பின்னால், என் கல்லூரி நாட்களுக்கே வந்துவிட்டேனோ என்று தோன்றியது.

"கிருஷ்ணன்கோவில்மா," என்றார் நடத்துநர். "ஸ்ரீவில்லிபுத்தூர்னு ரெண்டு தடவ கத்துனேன். மூணாவது தடவ ஒங்க காதுகிட்ட வந்து கத்துனா தப்பா நெனச்சுக்கிடுவீகளேன்னு விட்டுட்டேன்."

சாலையோரத்தில் தேநீர் குடித்தேன். வடையைச் சுற்றித் தந்த செய்தித்தாள் ஒரு வாரப் பழசு. வெயில் பட்ட விளிம்பு மட்டும் மஞ்சளாகியிருந்தது. அதுவும் லிக்னினின் வேலைதான். மலிவுக் காகிதத்தில் மிஞ்சிக் கிடக்கும் அது, ஒளி பட்டால் நிறம் மாறும். பழைய புத்தகத்தைத் திறந்ததும் வரும் மெல்லிய இனிப்பு வாசனையிலும் அதற்குப் பங்குண்டு. வாழ்நாளெல்லாம் நான் முகர்ந்ததும் படித்ததும் ஆராய்ந்ததும் ஏறக்குறைய ஒரே பொருளைத்தான் என்று, எண்ணெய் படிந்த விரல்களைத் துடைத்தபடி நினைத்துக்கொண்டேன். பிறகு ஓர் ஆட்டோ பிடித்தேன்.

கான்சாபுரம் போகிற வழியில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே அந்த நார் மில் இருந்தது. உரிமையாளர் சிக்கந்தர், ஐம்பதைத் தாண்டியவர். ஒரு வருடமாக எனக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவர். நேரில் பார்த்ததும் செய்தியில் இல்லாத ஒரு பதற்றம் அவரிடம் தெரிந்தது. கைகழுவத் தண்ணீர் காட்டுவதற்கு முன்பே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"மழைக்கு முன்ன இந்தத் தூளுக் குவியல் போயாகணும்மா. மழ பேஞ்சா இதுலருந்து காப்பித்தண்ணி மாதிரி எறங்கி பக்கத்துத் தோட்டத்துக் கெணத்துல சேருது. போன வருசம் அவுக கெணறே செவந்துபோச்சு. இந்த மழைக்கும் அப்படி ஆச்சுன்னா மில்லப் பூட்டணும்னு மனுக் குடுத்துருக்காக. பதினாலு பொம்பளைக வேல பாக்காக இங்க. நீங்க எடுத்துக்கிடுவியன்னு நான் எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்."

அவர் சொன்னதில் தவறில்லை. நான் எடுத்துப்போகும் மாதிரி தேறினால், முழுக் குவியலையும் கப்பலில் அனுப்பி வாங்கிக்கொள்ள ஒரு நிறுவனம் விருப்பம் தெரிவித்திருந்தது. அதை அவருக்கு எழுதியவளும் நான்தான்.

நான் வாழும் ஊரில் ஏரித் தண்ணீர் தேநீர் நிறத்தில்தான் இருக்கும். காட்டு மண்ணின் சாறு இறங்கிய நிறம். கோடையில் அதில் குதித்து நீந்திவிட்டு, உடம்புக்கு நல்லது என்பார்கள். இங்கே அதே நிறம் ஒரு கிணற்றில் இறங்கினால் பதினாலு பேருடைய வேலை போகிறது.

"வாங்கக்கா, ஒங்க குவியலப் பாக்க வேண்டாமா?" என்று வந்தார் எஸ்தர். நாற்பது வயதிருக்கும். பெண்களுக்கெல்லாம் வேலை பிரித்துக் கொடுப்பவர் அவர். "பச்சப்புள்ள மாதிரிப் பாத்துருக்கோம்."

மில்லுக்குப் பின்னால் தென்னை நிழலில் குவியலை இடுப்புயரப் பாத்திகளாகப் பரப்பியிருந்தார்கள். நேர்த்தியான வேலை. மேலே தென்னங்கீற்று மூடியிருந்தது. எஸ்தர் ஒரு கீற்றைத் தூக்கினார். உள்ளே ஈரமான தூள் முழுவதும் வெண்ணிற நூல் படர்ந்திருந்தது, யாரோ பஞ்சைப் பிய்த்துத் தூவியது போல. மழைக்குப் பிந்திய மண் வாசனை வந்தது.

"என்ன இது?" என்றேன். எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

"காளான் வித்துக்கா. சிப்பிக் காளான். ஒரு வரிச தூளு, ஒரு வரிச வித்து, ஒரு வரிச யூரியா. தூள மக்க வச்சு எருவாக்க எங்க மகளிர் குழுவுக்கு டிரெய்னிங் குடுத்தாக. 'நான் வரும்வரைக்கும் குவியலை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்'னு நீங்க எழுதுனத சிக்கந்தர் அண்ணன் படிச்சுக் காட்டுனாகள்ல? அன்னைக்கே சொல்லிட்டேன், சும்மா போட்டு வச்சா வீணாத்தான் போகும், முறையாச் செஞ்சிருவோம்னு. மூணு மாசமாச்சு."

மரத்தின் பசையை உடைத்து உண்ணும் உயிர்கள் உலகத்தில் மிகக் குறைவு. வெண்ணிற நூலாகப் படரும் சில காளான்கள் அவற்றில் அடங்கும். சிப்பிக் காளான் அந்த வேலையில் கெட்டிக்காரன். நான் பாதி உலகத்தைத் தாண்டித் தேடி வந்த பொருளை, மூன்று மாதமாகத் தண்ணீர் தெளித்து, நிழல் போட்டு, அதற்கு ஊட்டியிருந்தார்கள்.

"ஏட்டி எஸ்தரு, அவிய மொகத்தப் பாரு," என்றார் நாரை வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்த பாக்கியம் என்ற மூத்த பெண். "வெயிலு ஏறிருச்சு போல. ஒன் பெருமைய செத்த நேரம் கழிச்சுப் பேசு. மொத தண்ணி குடு."

தண்ணீர் குடித்தேன். பெண்கள் மதியச் சோற்றுக்கு உட்காரும் இடத்தில் என்னையும் உட்காரவைத்தார்கள். யூரியாச் சாக்கு சுற்றிய சதுரக் கட்டிகள், இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இருக்கைகள். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும் சுண்டவத்தலும் பங்கு வந்தன. நன்றாக இருக்கிறது என்றேன். குவியலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. களைப்பு என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு அன்று மாலை ராஜபாளையத்துக்குத் திரும்பினேன். அது களைப்பு மட்டுமல்ல.

மறுநாள் சிக்கந்தருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்திரத்துக்கு ஒரு பெல்ட் வாங்க வேண்டியிருந்தது. அவருடைய குட்டியானை வண்டியில் நானும் போனேன். திரும்பும்போது ரயில்வே கேட் அடைத்திருந்தது. ரயில் போய் கேட் திறந்தபிறகு எங்கள் வண்டி கிளம்ப மறுத்தது. பின்னாலிருந்த வண்டிகளெல்லாம் எங்களை வாழ்த்திக்கொண்டே கடந்தன. ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு எஞ்சின் ஆறக் காத்திருந்தோம். அவர் ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பால்கோவா கொடுத்தார். இன்னும் சூடு இருந்தது. அந்த இனிப்பு வாயிலிருக்கும்போதே சொன்னேன்.

குவியல் எனக்குப் பயன்படாது. காளான் தின்றுவிட்டது.

அவர் பொட்டலத்தின் ரப்பர் வளையத்தை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

"தப்பு எஸ்தர் மேலயாம்மா?"

"என் மேல்தான். பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். தொடாதீர்கள் என்று எழுதவில்லை."

"அவட்ட சொல்லாதீக," என்றார். "ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சு நேரா மில்லுக்குத்தான் வருவா, தண்ணி தெளிக்க. மூணு மாசமா ஒரு வாரம் தவறல. நான் ஊர்ல என்னத்தையாவது சொல்லிச் சமாளிச்சுக்கிடுதேன்."

சமாளிக்க அவரிடம் ஒன்றுமில்லை என்பது இருவருக்குமே தெரியும். வண்டி கிளம்பியது. வழியெல்லாம் அவர் தேங்காய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

மூன்றாம் நாள் நான் போகாமலே இருந்திருக்கலாம். விடுதி அறையில் மின்விசிறி தட்டிக்கொண்டிருந்த சத்தத்தைக் கேட்டபடி, படுத்தே கிடக்கலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். சொல்லாமல் ஊர் திரும்பினால் எஸ்தர் இன்னும் எத்தனை ஞாயிறு தண்ணீர் தெளிப்பார் என்ற எண்ணம் என்னை எழுப்பியது.

மதியச் சோற்று நேரம். அதே கட்டி இருக்கை. சொல்லத் தொடங்குவதற்குத் தொண்டையைச் செருமியபோது, கைபட்டுச் செம்புத் தண்ணீர் கவிழ்ந்து என் இருக்கையில் ஊறியது. சாக்கு கிழிந்திருந்த இடத்தில் கட்டி மெல்லப் பொங்கி எழுந்தது, என்னையும் தூக்கிக்கொண்டு. பெண்கள் சிரித்தார்கள். எழுந்து பார்த்தேன். வெளிர்நிறப் பருத்திச் சேலையில் உள்ளங்கையளவு காப்பி நிறக் கறை.

"போச்சு!" என்றார் பாக்கியம். "அது போகாதும்மா. என்ன சோப்புப் போட்டாலும் போகாது."

நான் கறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அலசிய தூள் இப்படிச் சாயம் விடாது. மக்கிய தூள் இப்படிப் பொங்காது.

"எஸ்தர், இந்தக் கட்டி எது?"

"அது ரிஜெக்டுக்கா. ரெண்டு வருசத்துக்கு முந்தி நார்த்தூள அலசாம கட்டியா அழுத்திட்டோம். உப்பு ஜாஸ்தி, செடி வளக்க ஆகாதுன்னு ஏத்துமதிக்காரவுக திருப்பிட்டாக. தூக்கிப் போட மனசில்லாம நாங்க உக்காந்துக்கிட்டோம்."

"காளான் வித்து?"

"கட்டிக்கு எதுக்குக்கா வித்து?"

உப்பு எனக்குப் பொருட்டில்லை. எங்கள் முதல் அலசலிலேயே போய்விடும். அலசாதது, மக்காதது, இரண்டு வருடமாகக் காய்ந்தே கிடப்பது. முதல்நாளிலிருந்து நான் அதன்மேல் உட்கார்ந்துதான் புளிக்குழம்பு சாப்பிட்டிருக்கிறேன்.

சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. சிக்கந்தர் காஸ்டிக் சோடாவும் பேட்டரி ஆசிடும் வாங்கிவந்தார். கட்டியில் ஒரு பிடியைக் கிள்ளி, சோடாக் கரைசலில் காய்ச்சி, துணியில் வடிகட்டிக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றினேன். கன்னங்கரேலென்று இருந்தது. எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஆசிடைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். கருமை கலங்கி, பழுப்புத் திரளாகப் பிரிந்து, கீழே இறங்கியது.

"பாலு திரிஞ்ச மாதிரில்ல இருக்கு," என்றார் பாக்கியம்.

"இதுதான் லிக்னின். இதற்குத்தான் வந்தேன்."

எஸ்தர் தம்ளரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"அப்ப குவியல்ல இது இல்ல," என்றார். "நான் போட்ட காளான் தின்னுருச்சு. அதான் மொத நாளு ஒங்க மொகம் அப்படிப் போச்சு."

ஆமாம் என்றேன். சிக்கந்தர் வேறு பக்கம் பார்த்தார். நான் எழுதிய விதத்தில்தான் பிழை என்று சொல்ல ஆரம்பித்தேன். எஸ்தர் அதைக் காதில் வாங்கவில்லை. விறுவிறுவென்று நடந்துபோய்க் குவியலிலிருந்து ஒரு கை தூளை அள்ளிக்கொண்டு வந்தார்.

"ஒண்ணு கேக்கேன். கெணத்தச் செவப்பாக்குறதும் ஒங்க சேலையக் கறையாக்குனதும் ஒண்ணுதான?"

"ஏறக்குறைய. லிக்னினோடு பிறந்த சரக்குகள்."

"அப்ப அதையும் காளான் தின்னுருக்கணும்ல? தின்னுருந்தா தண்ணியில தெரியணும்ல?"

இரண்டு தம்ளர்களில் வெறும் தண்ணீர் எடுத்தார். ஒன்றில் கட்டித்தூள், ஒன்றில் குவியல்தூள். பழைய வேட்டித் துணியில் வடிகட்டினார். முதல் தம்ளர் காப்பி. இரண்டாவது முழுத் தெளிவு என்று சொல்ல முடியாது. பால் ஊற்றாத லேசான தேநீரில் இன்னும் பாதித் தண்ணீர் கலந்தது போல, வெளிறிய வைக்கோல் நிறம். முப்பது வருடம் ஆய்வகத்தில் இருந்தவள் நான். இழந்ததையே எண்ணிக்கொண்டிருந்ததில், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

எஸ்தர் இரண்டு தம்ளர்களையும் ஏந்திக்கொண்டு வேலியைத் தாண்டினார். பக்கத்துத் தோட்டம் ரெங்கசாமியுடையது. மனுக் கொடுத்தவர் அவர்தான். நான் முழங்காலை நொந்துகொண்டே பின்னால் போனேன். மோட்டார் அறை வாசலில் கைபேசியில் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தவர், எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேச்சை முடித்தபின் தம்ளர்களை வாங்கி வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

"எந்தச் சாயத்தக் கலக்கி என்னை ஏமாத்தப் பாக்கீக?"

"நீங்களே வந்து அள்ளுங்கய்யா," என்றார் எஸ்தர். "எந்தப் பாத்தியில வேணாலும். நான் தொடவே மாட்டேன்."

வந்தார். ஐந்து இடத்தில் தாமே அள்ளினார், தாமே வடிகட்டினார். முகர்ந்தார். மறுபடி கைபேசியை எடுத்து மனைவியிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். எஸ்தர் என் காதருகே மொழிபெயர்த்தார்: "நாறல, நல்ல மண்ணு வாசனையா இருக்குங்காரு. அந்தம்மா, அப்ப நம்ம தென்னைக்கு வாங்கிப் போடுங்காக போல."

"ரெண்டு டிரெய்லர் அனுப்புதேன்," என்றார் ரெங்கசாமி, யாரையும் பார்க்காமல். "தென்ன மூட்டுல போட்டுப் பாக்கேன். சரியா இருந்தா மிச்சத்தயும் அள்ளிக்கிடுதேன். மனுவ வாபஸ் வாங்க மாட்டேன். மழ பெய்யட்டும். பொறவு கெணத்தப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

அதற்குமேல் அவரிடம் கேட்பதற்கு யாருக்கும் உரிமையில்லை.

கடைசி நாள் கட்டிகளை எடை போட்டுக் கட்டினோம். பெண்கள் தத்தம் இருக்கையைத் தாமே தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி தன் கட்டியில் சாக்கின்மேல் பூப்போட்ட உறை தைத்திருந்தாள். அதைப் பிரித்து மடித்து வைத்துக்கொண்டாள். என்னைச் சுமந்து கறைப்படுத்திய கட்டி ஈரமாகிவிட்டதால் அது மட்டும் தள்ளுபடி. பாக்கியம் அதை உடைத்து ஒரு கறிவேப்பிலைச் செடிக்குப் போட்டார்.

மதியம் எல்லாரும் தரையில் உட்கார்ந்தோம். எனக்கு உட்காரவும் முடியவில்லை, உட்கார்ந்தபின் எழவும் முடியவில்லை.

"எங்க நாற்காலியெல்லாம் பிளேன் ஏறப்போகுது," என்றார் எஸ்தர். "நாங்கதான் இன்னும் கிருஷ்ணன்கோவிலத் தாண்டல."

"ஏட்டி, நீ போனா வெள்ளக்காரன் தோப்புலயும் காளான் போட்டுருவ," என்றார் பாக்கியம். எஸ்தர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

ஊர் திரும்பியபோது பிர்ச் மரங்கள் இலையுதிர்த்துக்கொண்டிருந்தன. கட்டிகள் அலசப்பட்டு, லிக்னின் பிரிக்கப்பட்டு, எங்கள் உலையில் கரியாயின. முடிவு மோசமில்லை. பைன் மரத்துக் கரிக்கு அருகிலேயே நின்றது. "இன்னொரு தொகுதி இதே தரத்தில் வருமா?" என்று குழுத் தலைவர் மென்மையாகக் கேட்டார். இந்த முறை அது முடிவான பேச்சாகப் படவில்லை. ஆனால் பதில், மில் திறந்திருப்பதைப் பொறுத்தது. ராஜபாளையம் பக்கம் மழை பிடித்துவிட்டதைக் கைபேசி சொல்லியிருந்தது. மில்லிலிருந்து மட்டும் எந்தச் செய்தியும் இல்லை. கேட்டு எழுதவும் கை வரவில்லை. எழுதினால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை பார்த்தாயிற்று.

பனி விழத் தொடங்கிய வாரத்தில் எஸ்தரிடமிருந்து ஒரு படம் வந்தது. முன்னால் கிணற்றுச் சுவரில் ஒரு கண்ணாடித் தம்ளர். அதில் தண்ணீர், சற்றே வைக்கோல் நிறம், அடியிலிருந்த சுவரின் விரிசல் தெரியும் அளவுக்குத் தெளிவு. தம்ளருக்குப் பின்னால் ரெங்கசாமியின் கை, பிடிப்பதா விடுவதா என்ற தயக்கத்துடன். இன்னும் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம், மில்லின் ஓடு வேய்ந்த கொட்டகையில் பெண்கள் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தரையிலல்ல, புதிய கட்டிகள்மேல். ஒன்றில் பூப்போட்ட உறை.

படத்தோடு ஒரு வரி எழுதியிருந்தார்.

"அக்கா, அலசாமத்தான் அழுத்திருக்கோம், வித்து ஒண்ணும் போடல, சும்மா உக்காந்து மட்டும் பாத்துக்கிடுதோம்."